அழையாமல் வரும் அழைப்புகள்! செல்போன் தொல்லையை அடக்க முடியுமா?

மத்தியானம் 2 மணி. சமையல் வேலை முடிந்து குடும்பத் தலைவி சற்றுக் கண் அயர்கிறார். செல்போன் அலறுகிறது. வெளியூரில் படிக்கும் மகனோ, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அண்ணனோ என்று பதறி எழுந்து எடுக்கிறார்.

"வணக்கம் மேடம்! உங்களுக்குக் கடன் வேண்டுமா?" என்கிறது ஒரு குரல்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. செல்போன் இருக்கிற வீடுகளில் எல்லாம் நடக்கிற கதை. கடன், வீட்டு மனை, இன்சூரன்ஸ், பங்கு மார்க்கெட், ரம்மி ஆட்டம் என்று ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. பேச்சாக வராவிட்டால் எஸ்.எம்.எஸ். ஆக வருகிறது.

2024-ம் ஆண்டில், ஜனவரி முதல் ஜூன் வரை 6 மாதங்களில் மட்டும், இப்படி முறையாகப் பதிவு செய்து கொள்ளாமல் தொல்லை கொடுத்தவர்கள் மீது 7 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் வந்தன. புகார் கொடுத்தவர்களின் கணக்குத்தான் இது. திட்டிவிட்டுப் போனை வைத்தவர்கள் எத்தனை பேரோ!

இந்தப் புகார்களுக்குப் பொறுப்பானது "டிராய்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். டெல்லியில் இருக்கிறது. செல்போன் கம்பெனிகள் எப்படி நடக்க வேண்டும் என்று விதி போடும் அமைப்பு இதுதான். 2007-ம் ஆண்டில் இருந்து இந்தத் தொல்லையோடு அது மல்லுக்கட்டிக் கொண்டு இருக்கிறது. ஒரு கதவை அடைத்தால் தொல்லை இன்னொரு கதவு வழியாக வருகிறது.

டப்பா இறைச்சியின் பெயர்

இந்தத் தொல்லைக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் "ஸ்பாம்". பெயர் வந்த விதம் வேடிக்கையானது. 1937-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்மெல் என்ற கம்பெனி, பன்றி இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. அந்தச் சரக்கின் பெயர்தான் ஸ்பாம்.

1970-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் "மான்டி பைதன்" என்ற நகைச்சுவைக் குழுவினர் ஒரு நாடகம் போட்டார்கள். ஓர் ஓட்டலுக்குத் தம்பதிகள் இருவர் சாப்பிடப் போகிறார்கள். எந்தப் பலகாரத்தைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கிறது. "அது வேண்டாம்" என்றாலும் விடுவது இல்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம் "ஸ்பாம், ஸ்பாம்" என்று பாடிப் பாடி, மற்றவர்கள் பேச்சே கேட்காதபடி செய்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் வேண்டாத விளம்பரங்கள் வந்து குவிந்தபோது, பார்த்தவர்களுக்கு இந்த நாடகம்தான் நினைவுக்கு வந்தது. பெயர் ஒட்டிக் கொண்டது.

முதல் விளம்பரத் தொல்லை 1978-ம் ஆண்டு மே மாதம் நடந்தது. அமெரிக்காவில் கேரி துர்க் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி. அப்போது இன்றைய இன்டர்நெட் கிடையாது. அதன் முன்னோடியான "ஆர்பாநெட்" இருந்தது. விஞ்ஞானிகளும் அரசாங்கத்தாரும்தான் அதைப் பயன்படுத்தினார்கள். துர்க் அதில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார். எல்லோரும் கொதித்து எழுந்தார்கள். "இனி இப்படிச் செய்யக் கூடாது" என்று எச்சரிக்கை வந்தது. ஆனால் கம்ப்யூட்டர்கள் விற்பனை ஆயின என்று துர்க்கே பிற்காலத்தில் சொன்னார்.

திட்டு விழுந்தது. வியாபாரமும் நடந்தது. இந்த வியாதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

35 கோடி கடிதம்; 28 பேர்!

"இந்த விளம்பரங்களைப் பார்த்து யார்தான் வாங்குகிறார்கள்?" என்று பலருக்குச் சந்தேகம் இருக்கும். 2008-ம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். மருந்து விளம்பரங்களை மின்னஞ்சலில் அனுப்பிக் கொண்டிருந்த ஒரு திருட்டுக் கும்பலின் கம்ப்யூட்டர் வலைக்குள் புகுந்தார்கள். விளம்பரத்தைப் பார்த்து மருந்து வாங்க வருகிறவர்கள், தாங்கள் வைத்த போலிக் கடைக்கு வரும்படி செய்தார்கள். பணம் வாங்கவில்லை. வந்தவர்களை எண்ண மட்டும் செய்தார்கள்.

26 நாட்கள் எண்ணினார்கள். சென்ற கடிதங்கள் சுமார் 35 கோடி. வாங்க வந்தவர்கள் வெறும் 28 பேர்! ஏறக்குறைய ஒன்றேகால் கோடி கடிதத்துக்கு ஒருவர்.

தபால் கார்டு வாங்கி, எழுதி, பெட்டியில் போட்டு இந்த வியாபாரம் செய்திருந்தால் மறுநாளே திவால் ஆகியிருப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் அனுப்புவதற்குச் செலவு அநேகமாக ஒன்றும் இல்லை. ஆகவே 28 பேர் வந்தால்கூட லாபம்தான். மேலும், ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது அந்தக் கும்பல் அனுப்பியதில் ஒரு சிறு பகுதியைத்தான்.

அனுப்புகிறவனுக்கு நஷ்டம் இல்லை. அப்படியானால் நஷ்டம் யாருக்கு? பெற்றுக் கொண்ட மற்ற எல்லோருக்கும்! தூக்கம் கெட்டது, வேலை கெட்டது, எரிச்சல் வந்தது. இவற்றுக்கு யாரும் பில் போடுவது இல்லை. ஸ்பாமைக் குறைக்க வேண்டுமானால், அனுப்புகிறவனுக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டும். உலகத்தில் இதுவரை வந்த வழிகள் எல்லாம் ஏதாவது ஒரு விதத்தில் அந்த வலியை உண்டாக்கும் முயற்சிகளே.

பண்டிகை வாழ்த்துக்கு வந்த கேடு

இந்தியாவில் 2007-ம் ஆண்டில் ஒரு பட்டியல் தொடங்கினார்கள். "என்னைக் கூப்பிடாதே" என்பவர்கள் அதில் தங்கள் எண்ணைப் பதிவு செய்து கொள்ளலாம். விளம்பரக்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து, அதில் உள்ளவர்களை விட்டுவிட வேண்டும். யோக்கியமான கம்பெனிகள் பார்த்தன. மற்றவர்கள் பார்க்கவில்லை.

பிறகு 2010-ல் கடுமையான விதிகள் தயாராகி, 2011 செப்டம்பர் 27-ந் தேதி முழுமையாக அமலுக்கு வந்தன. இரவு 9 மணிக்கு மேல் காலை 9 மணி வரை விளம்பரம் கூடாது. பதிவு பெற்ற விளம்பரக்காரர்கள் 140 என்று தொடங்கும் எண்ணில் இருந்துதான் பேச வேண்டும். அதோடு, ஒரு சிம் கார்டில் இருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். மட்டும்தான் அனுப்பலாம்.

கடைசி விதி எல்லோரையும் கட்டிப்போட்டது. அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இவ்வளவு பரவவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் எஸ்.எம்.எஸ்.சிலேயே குடித்தனம் நடத்தினார்கள்! குற்றம் செய்யாதவர்களுக்கும் தண்டனையா என்ற கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வரம்பை 200 ஆக உயர்த்தினார்கள். 2012-ல் வேறு வழி வந்தது. 100-க்கு மேல் போகும் ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.சுக்கும் குறைந்தது 50 காசு கட்டணம். 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

140 எண்ணின் கதி என்ன ஆயிற்று? மக்கள் விவரமானவர்கள். 140 என்று பார்த்ததும் எடுக்காமல் விட்டார்கள். வியாபாரிகள் அவர்களைவிட விவரமானவர்கள். சாதாரண 10 இலக்க எண்களை வாங்கி, அதில் இருந்து பேச ஆரம்பித்தார்கள். பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் எண் மாதிரி இருக்கும். எடுத்தால் கடன் வேண்டுமா என்ற கேள்வி!

ஓ.டி.பி. வராத நாள்

2018 ஜூலையில் டிராய் புதிய விதிகளை வெளியிட்டது. இந்த முறை யோசனை வேறு மாதிரி. அனுப்புகிறவர்கள் எல்லோரையும் ஒரு பேரேட்டில் ஏற்ற வேண்டும். மண்டிக்கடைப் பேரேடு போலத்தான். ஆனால் இது எல்லா செல்போன் கம்பெனிகளும் ஒரே சமயத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பேரேடு. ஒருவர் மட்டும் ரகசியமாக அடித்துத் திருத்த முடியாது.

இதில் பாங்கியோ, கடையோ, முதலில் தன் பெயரைப் பதிய வேண்டும். பிறகு, தான் அனுப்பப் போகும் செய்தியின் வாசகத்தையும் பதிய வேண்டும். "உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் வரவு" என்ற வாசகத்தில் தொகையின் இடம் மட்டும் காலியாக இருக்கும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தி, வாசலிலேயே நிறுத்தப்படும்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? 2021 மார்ச் 8-ந் தேதி இந்த வாசல் காவலை அமல் செய்தார்கள். அன்று நடந்தது என்ன தெரியுமா? நாடு முழுவதும் ஓ.டி.பி. வரவில்லை! பாங்கியில் பணம் அனுப்ப உட்கார்ந்தவர்கள் விழித்தார்கள். சாமான் வாங்கியவர்கள் பணம் கட்ட முடியவில்லை. கொரோனா தடுப்பூசிக்குப் பெயர் கொடுக்க முயன்றவர்களும் காத்துக் கிடந்தார்கள்.

காரணம் எளிது. பல கம்பெனிகள் தங்கள் வாசகங்களைச் சரியாகப் பதியவில்லை. சில பதியவே இல்லை. காவல்காரன் விதிப்படி நடந்தான். திருடனோடு சேர்த்து வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிட்டான்! டிராய் அவசரமாக 7 நாட்களுக்கு அந்த விதியை நிறுத்தி வைத்தது. கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து, பிறகுதான் மறுபடியும் அமலுக்குக் கொண்டு வந்தார்கள்.

ஸ்பாம் தடுப்பு வேலையில் உள்ள பெரிய சங்கடம் இதுதான். சல்லடை பெரிதாக இருந்தால் கல்லும் இறங்கிவிடும். மிகவும் சிறிதாக இருந்தால் அரிசியும் இறங்காது. பத்து விளம்பரம் தப்பி வந்தால் எரிச்சல். ஒரு ஓ.டி.பி. வராவிட்டால் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட முடியாமல் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாகுமா?

சவுக்கு எடுத்த ஆண்டு

எஸ்.எம்.எஸ். ஓரளவு அடங்கியது. பேச்சுத் தொல்லை அடங்கவில்லை. 10 இலக்க எண்காரர்கள் பேரேட்டிலேயே இல்லையே! அவர்களை எப்படிப் பிடிப்பது?

2024 ஆகஸ்டு 13-ந் தேதி டிராய் ஓர் உத்தரவு போட்டது. பதிவு இல்லாமல் விளம்பரம் பேசுகிறவர்களின் இணைப்புகளை எல்லாம் துண்டிக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, 2 ஆண்டு வரை எந்த செல்போன் கம்பெனியும் அதற்குப் புதிய இணைப்பு கொடுக்கக் கூடாது. செப்டம்பர் மாதத் தொடக்கத்துக்குள் 2 லட்சத்து 75 ஆயிரம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 50 கம்பெனிகள் கறுப்புப் பட்டியலில் ஏறின.

அக்டோபர் 1-ந் தேதியில் இருந்து, எஸ்.எம்.எஸ்.சில் வரும் "லிங்க்" என்ற இணையதள முகவரியையும் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று ஆனது. பதியாத லிங்க் இருந்தால் செய்தி போகாது. மின்சாரம் துண்டிக்கப்படும் என்று பயமுறுத்தி ஒரு லிங்கைத் தட்டச் சொல்லும் மோசடிச் செய்திகளுக்கு இது நல்ல கடிவாளம்.

அதே அக்டோபரில் மத்திய அரசாங்கம் இன்னொரு ஏற்பாடு செய்தது. வெளிநாட்டில் உட்கார்ந்து பேசுவான் ஒருவன். ஆனால் நம் போனில் இந்திய எண் தெரியும். கடித உறையில் பொய் முத்திரை குத்துவது போன்ற வேலை. போலீஸ் என்றும், சுங்க இலாகா என்றும் சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்கு இது பிடித்தமான வழி. இந்தப் போலி அழைப்புகளைக் கண்டுபிடித்து நிறுத்தும் எந்திர அமைப்பு அக்டோபர் 22-ந் தேதி தொடங்கப்பட்டது. 24 மணி நேரத்தில் அது நிறுத்திய அழைப்புகள் 1 கோடியே 35 லட்சம்!

கடன் விற்கிறவன் தொல்லைக்காரன். மிரட்டுகிறவன் திருடன். சட்டத்தில் இருவரும் வேறு. ஆனால் போன் மணி இருவருக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. நாள் முழுவதும் தொல்லைக்காரனிடம் பேசி அலுத்தவர், திருடன் பேசும்போது உஷாராக இருப்பாரா? விளம்பரம்தானே என்று இதை லேசாக விட முடியாததற்கு இதுவே காரணம்.

எழுத்தைப் பாருங்கள்!

2025 பிப்ரவரி 12-ந் தேதி விதிகளை மறுபடியும் திருத்தினார்கள். குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்கள் இதில் பல இருக்கின்றன.

எஸ்.எம்.எஸ். அனுப்பியவரின் பெயருக்குக் கடைசியில் ஒரு கோடும் அதன் பிறகு ஓர் ஆங்கில எழுத்தும் வரும். "பி" என்றால் விளம்பரம். "எஸ்" என்றால் நீங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கும் கம்பெனியின் சேவைச் செய்தி. "டி" என்றால் ஓ.டி.பி. போன்ற கணக்கு வழக்குச் செய்தி. "ஜி" என்றால் அரசாங்கச் செய்தி. படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட இந்த நாலு எழுத்தை அடையாளம் காட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் 10 இலக்க எண்ணில் இருந்து "உங்கள் பாங்கி" என்று சொல்லிக் கொண்டு ஒரு செய்தி வந்தால், அதை நம்பவே கூடாது.

பேச்சிலும் இப்படிப் பிரிவு உண்டு. விளம்பரம் 140. பாங்கி, இன்சூரன்ஸ் போன்றவை தங்கள் வாடிக்கையாளரோடு கணக்கு விஷயம் பேச 1600 என்று தொடங்கும் எண். வர்த்தக பாங்கிகள் எல்லாம் 2026 ஜனவரி 1-ந் தேதிக்குள் இந்த 1600-க்கு மாற வேண்டும் என்று டிராய் கெடு வைத்தது.

புகார் கொடுப்பதும் எளிதாகி இருக்கிறது. 1909 என்ற எண்ணுக்குப் பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். தொல்லை கொடுத்த எண், வந்த தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி. இவ்வளவு போதும். முன்பு 3 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இப்போது 7 நாள் அவகாசம். "கூப்பிடாதே" பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும், பதிவு பெறாதவன் மீது புகார் கொடுக்கலாம்.

முன்பு ஒருவன் மீது 7 நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை. இப்போது 10 நாளில் 5 புகார் வந்தாலே போதும். முன்பு 30 நாள் இழுத்தார்கள். இப்போது 5 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். முதல் தடவை சிக்கினால் 15 நாள் அவன் எண்ணில் இருந்து வெளியே பேச முடியாது. மறுபடியும் சிக்கினால் அவன் இணைப்புகள் எல்லாம் ஓர் ஆண்டுக்குத் துண்டிப்பு. ஐந்தே பேர் சோம்பல் படாமல் புகார் கொடுத்தால், ஆயிரக்கணக்கான வீடுகளில் மணி அடிப்பது நிற்கும்!

செல்போன் கம்பெனிகளுக்கும் அபராதம் உண்டு. தொல்லை அழைப்புகளின் கணக்கைத் தவறாகக் காட்டினால் முதல் தடவை 2 லட்சம் ரூபாய். அடுத்த தடவை 5 லட்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 10 லட்சம். கோடிகளில் புரளும் கம்பெனிகளுக்கு இது பெரிய தொகை அல்ல. இதே விளம்பரக்காரர்கள் அந்தக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னும் அடைபடாத ஓட்டைகள்

சம்மதம் என்று ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள்!" என்று கம்பெனிகள் சொல்கின்றன. எப்போது கொடுத்தோம்? கடனுக்கு விண்ணப்பம் போட்டபோது, பொடி எழுத்தில் இருந்த பத்தாவது பக்கத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டோமே, அப்போது! துணிக்கடையில் பில் போடும்போது போன் எண் கேட்டார்களே, அப்போது!

யார் யாருக்கு எப்போது சம்மதம் கொடுத்தோம் என்பதை கம்ப்யூட்டரில் பதிந்து, வேண்டாம் என்றால் வாடிக்கையாளரே ரத்து செய்யும் வசதி வர வேண்டும் என்று டிராய் 2023-லேயே உத்தரவிட்டது. 2025 ஜூனில்தான் ரிசர்வ் பாங்கியோடு சேர்ந்து, சில பாங்கிகளை வைத்துச் சோதனை முறையில் தொடங்குவதாக அறிவித்தது. மக்கள் வாயால் "வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்க இத்தனை காலம்!

எந்திரத்தின் மூளையையும் இப்போது நம்புகிறார்கள். ஓர் எண்ணில் இருந்து நாளைக்கு எத்தனை பேருக்கு அழைப்பு போகிறது, எத்தனை வினாடியில் வைத்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்து, சந்தேகமான எண்ணாக இருந்தால் திரையிலேயே எச்சரிக்கை காட்டும் முறை 2024-ல் வந்தது. பலருக்கு இது உபயோகம்தான். ஆனால் கூரியர் கொண்டு வரும் பையனும் நாளைக்கு நூறு வீட்டுக்குப் பேசுகிறான். "கீழே நிற்கிறேன் அம்மா" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிறான். எந்திரத்தின் கண்ணுக்கு அவனும் தொல்லைக்காரன் மாதிரி தெரிந்தால், அவன் பிழைப்பு என்ன ஆவது?

இப்போதே பல வீடுகளில், தெரியாத எண் என்றால் எடுப்பதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாத்தியார் தன் சொந்தப் போனில் இருந்து பேசினாலும், அது தெரியாத எண்தான்.

கடைசியாக வாட்ஸ்அப். டிராயின் இந்த விதிகள் செல்போன் கம்பெனிகள் வழியாகச் செல்லும் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும்தான். வாட்ஸ்அப் போன்றவை இதற்குள் வரவில்லை. எஸ்.எம்.எஸ். வழி இறுகினால் விளம்பரக்காரர்கள் அங்கே போய்விடுவார்கள் என்று, 2025-ல் விதிகள் திருத்தப்பட்டபோதே செல்போன் கம்பெனிகளின் சங்கம் குறை சொன்னது. தங்கள் மீது மட்டும் பாரம் ஏற்றுகிறார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு. காரணம் சுயநலமாக இருந்தாலும் சொன்னது பொய் அல்ல. எஸ்.எம்.எஸ்.சில் நின்றுபோன துணிக்கடை ஆடித் தள்ளுபடியும், வீட்டு மனை விற்பனையும், வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்ற ஆசை வார்த்தையும் இப்போது படத்தோடு அங்கே வருகின்றன. அங்கே 1909 செல்லாது. அனுப்பியவனை "பிளாக்" செய்யும் பொத்தானும், வாட்ஸ்அப் கம்பெனிக்கே புகார் அனுப்பும் பொத்தானும் இருக்கின்றன. பணம் பறிபோய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். அது சைபர் மோசடிப் புகாருக்கு என்று மத்திய அரசாங்கம் வைத்திருக்கும் எண்.